பூஜ்யம் என்று வந்த ரிப்போர்ட்

1
இந்தக் கதை கோயமுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் காதில் விழுந்தது.

"ஏனுங்க அம்மணி, போன மாசம் ஈசனோபில் பத்தொம்பது இருந்துச்சு. இப்ப சைபருங்களா?"

"ஆமாங்கம்மா, சைபர்தான்."

"மாசாணித்தாயி காப்பாத்திப்போட்டா!"

கேட்ட பெண்ணுக்கு மாசாணியம்மாள் என்றே பெயர் வைத்தேன். சந்தோஷமான கதை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பூஜ்யம் எப்போதும் நல்ல செய்தி அல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2
'குடலின் சுவரில் ஒரு பெரும் போர்…'

(அடித்துவிட்டேன். போர் என்று எழுதினால் ராசப்பன் காணாமல் போகிறார்.)

ராசப்பன் மாசாணியம்மாளின் கணவர். சோமனூரில் தறி ஓட்டுகிறார். அதற்கு முன் தாராபுரத்தில் பிறத்தியார் வயலில் இருபது வருடம் வெறுங்காலோடு சேற்றில் நின்றவர். அந்தக் கால்வழியே நூலைவிட மெல்லிய புழு ஒன்று ஏறிக் குடலில் குடியிருந்து, அங்கேயே பெருகியது. ஈசனோபில் என்கிற வெள்ளணுக்கள் அதைக் கொல்லவும் முடியாமல், பரவவும் விடாமல், வருடக்கணக்காகக் காவல் நின்றன. அவருக்கு எதுவும் தெரியாது.

3
சோமனூரில் இளைப்பு வந்தால் பஞ்சுத் தூசி. ஈசனோபில் ஏறினாலும் பஞ்சுத் தூசி. தெருவே சொல்லும். ராசப்பனுக்கு இளைப்பு வந்தபோது டாக்டரும் அதையே சொன்னார். தறிக்கு முன்னால் என்ன வேலை என்று கேட்கவில்லை. மலப் பரிசோதனைக்கு எழுதவில்லை.

(அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு எளிது. ஆனால் ராசப்பனைக் கைபிடித்து உட்கார வைக்கிறார். என்ன செய்வது?)

ஸ்டீராய்டு மாத்திரை*. ஒரு மாதம்.

"வாயெல்லாம் கசக்குது புள்ள. இன்னிக்கு ஒருநாள் உட்டுரு."

"முழுங்கிப்போட்டு அப்பறம் பேசுங்க மாமா."

"உன்னைக் கட்டுனதுக்குப் போலீஸ்காரியக் கட்டியிருக்கலாம்."

"அவ லத்தியெடுப்பா. வாயத் தொறங்க."

* அந்த மாத்திரை இளைப்பை அடக்கும். ஈசனோபில்களையும் ரத்தத்திலிருந்து அகற்றிவிடும். காவல் போனதும் புழுக்கள் குடலைத் துளைத்து நுரையீரல்வரை ஏறலாம். பூஜ்யத்துக்கு அர்த்தம் அதுதான்.

4
அந்த ரிப்போர்ட் வந்த பத்து நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே ராசப்பனின் சளியில் டாக்டர் இல்மா புழுக்களைக் கண்டார்.

"இதுக்கு மருந்து இல்லீங்களா?"

"இருக்குதும்மா, ஆரம்பிச்சிட்டோம். முன்னயே குடுத்திருக்கணும். புழு இருக்கறப்ப அந்த ஸ்டீராய்டு ஆகவே ஆகாது."

மாசாணியம்மாள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"அப்ப… நான் குடுத்த மாத்தரையிலதானுங்களா?"

5
முடிவு ஒன்று: ராசப்பன் பிழைக்கிறார். சிலர் பிழைப்பதுண்டு.

முடிவு இரண்டு: நாலாம் நாள் காலையில்

(வேண்டாம்.)

இரண்டையும் என்னால் எழுதிவிட முடியும். இல்மாவின் பதிலைத்தான் எழுத முடியவில்லை. 'இல்லை' என்றால் பொய். 'ஆமாம்' என்றால் இவள் மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? 'உங்கள் தப்பில்லை' என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் மாசாணியம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. நான் விலகிக்கொள்கிறேன். இல்மாவின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்கிறாள்:

"ஒரு வேளைகூடத் தவறலீங்க."