ஒரு கால் வித்தியாசம்

மணி இரண்டு நாற்பது. ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு தமிழ் டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குள் வந்தாள். நான்கு மணிக்கு அவளுக்கு வண்டி. நாளை முதல் வேறொரு ஊரில் தலைமையாசிரியை.

அந்தப் பதவிக்குக் கணக்கு டீச்சரும் விண்ணப்பித்திருந்தாள். பதினாறு வருடங்களாக இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். திங்கட்கிழமை முடிவு வந்தது. அன்றிலிருந்து கணக்கு டீச்சர் நூலகத்தில் தனியாகச் சாப்பிட்டாள். கேட்டவர்களிடம், திருத்த வேண்டிய தாள் மலையாகக் கிடக்கிறது என்றாள். கிடந்தவை எட்டுத் தாள்கள். 'நல்லா இரு' என்று ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை. இன்று வராவிட்டால் இனி எப்போது?

பொறாமையைப் பற்றிக் குழந்தைகளோடு பேசும் வகுப்பு இது. இரண்டு வாரம் முன்பே கணக்கு டீச்சர்தான் பாடத்திட்டத்தில் எழுதிவைத்தாள்.

"இந்த வயர் என் பேச்சைத்தான் கேக்கும். நான் இருக்கேன்" என்று தமிழ் டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கணக்கு டீச்சர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

ஏழு நிமிடப் படம். பேச்சே இல்லை. இணைபிரியாத இரண்டு சிறுமிகள். ஓட்டப்பந்தயத்தன்று ஒருத்தி மற்றவளின் ஷூ ஒன்றை ஒளித்துவைக்கிறாள். அவள் ஒற்றை ஷூவோடு ஓடிக் கடைசியாக வருகிறாள். ஒளித்தவள் ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுகிறாள். அவ்வளவுதான்.

"முடிஞ்சிடுச்சா? திருப்பிக் குடுத்தாளா இல்லையா?"

"அதை விடு. ஏன் ஒளிச்சா?" என்றாள் கணக்கு டீச்சர்.

"வயித்தெரிச்சல், டீச்சர்."

"கெட்டவ."

"கெட்டவன்னா ஏன்டா அழுவா?" கடுகு எழுந்தாள். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அந்தப் பெயர். "ஃப்ரெண்டு ஜெயிச்சா, ஜெயிச்சவங்ககூடப் போயிடுவா. இவ தனியா நிக்கணும். அதான்."

கணக்கு டீச்சர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாள். யார்மேல் பொறாமை, ஏன். ஒரே வரி. பெயர் வேண்டாம். திரும்ப வந்தவற்றைப் பிரித்துப் படித்தாள்.

"'தம்பி மேல். அவனுக்கு மட்டும் அடிக்கடி காய்ச்சல் வருது.'"

"'முன் பெஞ்ச் மேல். அவங்களுக்கு ஃபேன் இருக்கு.'"

"'என் ஃப்ரெண்டு மேல் எனக்குப் பொறுமை.'"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கணக்கு டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். "எழுத்துப்பிழை. று இல்ல, றா. பொறாமை."

"அடிச்சுடாதீங்க டீச்சர்." கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல். "ரெண்டுக்கும் ஒரே வேர்தான். பொறுத்துக்கிட்டா பொறுமை. பொறுக்க முடியலேன்னா பொறாமை."

"அப்போ ஒரு கால் போட்டா மாறிடுமா?" என்றாள் கடுகு.

"அந்தக் காலுக்குத்தான் ஷூவைக் காணோமே!" என்று யாரோ கத்த, மேசைகள் அதிர்ந்தன. தமிழ் டீச்சரும் சிரித்தாள். கணக்கு டீச்சர் அந்தச் சீட்டை அடிக்காமல் மடித்துவைத்தாள்.

"நீங்க மட்டும் எழுதலையே டீச்சர்?" கடுகு விடுவதாயில்லை.

நாற்பது கண்கள். கணக்கு டீச்சர் ஒரு தாளைக் கிழித்துக் குனிந்து எழுதினாள். ஒரு சொல்லின் நடுவில் பேனா நின்றது. பிறகு நகர்ந்தது. நான்காக மடித்தாள்.

"படிங்க, படிங்க!"

மணி அடித்தது. பைகளோடு எல்லாம் வாசலுக்குப் பாய்ந்தன. அறையில் இருவர்தான் மிஞ்சினார்கள். தமிழ் டீச்சர் வயரை முழங்கையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்ப நான் கிளம்பறேன்டி."

கணக்கு டீச்சர் திரையை விலக்கினாள். கீழே வண்டி வந்து நின்றிருந்தது. உள்ளங்கையில் சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது. அதை நீட்டினாள்.

தமிழ் டீச்சர் பிரித்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுவந்தாள்.

"'பதினாறு வருஷமா உன்மேல் எனக்கு...' மை கலைஞ்சு கிடக்கே. இது றாவாடி, றுவா?"