வாரேன் என்று போனவர்கள்

"இன்னொரு செருப்பு எங்கடி? திருமயம் பஸ் போயிரும்."

"அது நீங்க திரும்பி வந்த பெறகுதான். இப்ப நொண்டிக்கிட்டே போங்கக்கா."

கலைமதி இப்படிச் சொன்னதும் வராந்தாவில் நின்ற சிறுமிகள் எல்லோரும் சிரித்தார்கள். திலகவதி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்னவாசல் சாலையில் இருந்த அந்தப் பெண் குழந்தைகள் இல்லத்தில் இது ஒரு வழக்கம். தங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா லீவில் கிளம்பினால், அவருடைய பொருள் ஒன்று பிணையாகப் போய்விடும். முந்தைய அக்காவின் சார்ஜர், அவருக்கும் முந்தையவரின் குடை எல்லாம் கலைமதியின் பெட்டியில்தான் கிடந்தன. உடையவர்கள்தான் வரவில்லை.

"அம்மாவுக்கு முடியலைன்னு ஒருத்தவுக, திருவிழான்னு ஒருத்தவுக. போறேன்னு யாரும் சொல்லலைக்கா. எல்லாரும் வாரேன்னுதான் சொன்னாக."

"நானும் அப்படித்தானா?"

"பை கனமா இருக்கே."

பையில் அவளுடைய சேலைகள் எல்லாமே இருந்தன. திருமயத்தில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகலாம், ஞாயிறு விடுமுறை. இங்கே முப்பது பிள்ளைகளுக்கும் இரவு பகலாக அவள் ஒருத்திதான். லீவு மாதம் ஒருமுறை. தூக்கம் எப்போதாவது வந்துபோகும் தூரத்துச் சொந்தக்காரரைப் போல ஆகியிருந்தது.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு அலுவலக அறைக்குள் போனாள்.

"இன்னும் கெளம்பலையா?" என்றார் கண்காணிப்பாளர் அமிர்தவல்லி.

"துணிக்கடையில திங்கக்கிழமை சேரச் சொல்றாங்க மேடம். சொல்லாமப் போயிரலாம்னுதான் இருந்தேன்."

"நீயுமா திலகவதி?"

"எனக்கு இந்தப் புள்ளைகளைப் புடிச்சிருக்கு. வேலையும் நல்லாத்தான் பாக்குறேன், ஒங்களுக்கே தெரியும். ஆனா இது ஒத்த ஆளு பாக்குற வேலை இல்லை. அடுத்து யாரைப் போட்டாலும் ஓடித்தான் போவாக. நீங்க மறுபடியும் ஆள் தேடி அலையணும்."

"நிர்வாகத்துல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அமிர்தவல்லி மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு நின்றுபோயிருந்தது. சாலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. திலகவதி திரும்பிப் பார்க்கவில்லை.

"ராத்திரிக்கு இன்னொரு ஆளு, வாரத்துல ஒருநாள் லீவு. ரெண்டும் உண்டுன்னா நான் கடைக்குப் போகலை. இங்கனதான் நிக்கிறேன். இப்பவே போன் போட்டுக் கேளுங்க மேடம்."