ஐந்திலிருந்து எட்டு வயது வரை

சனிக்கிழமை காலை வானொலியில் நில்தா ஒர்த்தெகா வாயைத் திறந்தால் அசுன்சியோன் நகரத்துச் சின்னப் பதிப்பகக்காரர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். புதிதாக வந்த துப்பறியும் நாவல், பேய்க் கதை, கவிதை, குழந்தைப் புத்தகம் என்று வாரம் ஒரு கை நிறையப் பரிந்துரைப்பாள். அவள் பெயர் சொன்ன புத்தகம் அடுத்த வாரம் கடையில் இருக்காது. சொல்லாத புத்தகம் கடையை விட்டு நகராது.

அன்றைக்கு அவள் சொன்னது கிறிஸ்பின் போட்ட புத்தகத்தை. கிறிஸ்பினின் பதிப்பகம் என்பது அவன் வீட்டுக் கார் கொட்டகைதான். கையிலிருந்த தெரெரே பானக் குவளை கவிழ்ந்து, குளிர்ந்த தண்ணீரும் இலைத்தூளும் காகிதக் கட்டின் மேல் கொட்டின. துடைக்காமல் துள்ளினான்.

"ஞா தெயோ! உங்க புக்கு! உங்க புக்கைத்தான் சொல்றா!"

"கத்தாதே. கேக்க விடு" என்றாள் தெயொலிந்தா. பக்கத்து ஊரான லூக்கேயில் பள்ளி ஆசிரியை; அவனுக்கு மரியாதையாக 'ஞா தெயோ'. அந்த நாவலை எழுதியவள். மூன்று மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பிரதிகூட விற்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தவள்.

"'மஞ்சள் முடிக்காரன்'" என்று வானொலி கொஞ்சியது. "நம்ம பாட்டி கதையில வர்ற செல்லக் குள்ளன் ஜாசி ஜாதெரே! மத்தியானம் தூங்காத குட்டிகளை விசிலடிச்சுக் கூட்டிட்டுப் போவானே, அவனேதான். நம்ம மண்ணோட இனிமையான குவாரனி மொழியில ஒரு குறும்புக் கதை. அஞ்சுல இருந்து எட்டு வயசு வரை. ராத்திரி தூங்கப் போற நேரத்துல படிச்சுக் காட்டுங்க."

கிறிஸ்பின் துள்ளுவதை நிறுத்தினான்.

அந்த நாவலில் குள்ளன் யாரும் இல்லை. காஸாபா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மத்தியான வேளை, ஊரே தூங்கும்போது வெள்ளைக் கார் ஒன்று வருகிறது. முடிக்கு மஞ்சள் சாயம் பூசிய நகரத்துச் சீமாட்டி இறங்குகிறாள். தூங்காமல் வாசலில் நின்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு போகிறாள். சிறுமி அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், குளியலறை கழுவுகிறாள், பெல்ட்டால் அடி வாங்குகிறாள். நகரத்தில் இதற்கு 'வளர்ப்பது' என்று பெயர். அந்தப் பிள்ளைகள் வளர்ப்புப் பிள்ளைகள். எஜமானியின் பெயரைச் சொல்லப் பிடிக்காத சிறுமி, கடைசிப் பக்கம் வரை அவளை ஜாசி ஜாதெரே என்றே சொல்கிறாள். குவாரனி தெரிந்தவர்களுக்கு இரண்டாம் பக்கத்திலேயே இது குழந்தைக் கதை இல்லை என்று புரிந்துவிடும்.

"அவ படிக்கலை" என்றாள் தெயொலிந்தா.

"கொஞ்சமாவது புரட்டியிருப்பா..."

"அட்டையைப் பாத்திருக்கா! நீ போட்ட அட்டையை! துடைப்பம் போடுடான்னேன். விக்காதுன்னு சொல்லி, கையில கோலோட ஒரு குள்ளனை நிக்க வெச்சே."

"அவளுக்குக் குவாரனி தெரியும் ஞா தெயோ. பேட்டியில எல்லாம் பெருமையா சொல்லுவா."

"தெரியும், தெரியும். கொண்டு வா, கூட்டு, கதவைச் சாத்து, வாயை மூடு. இவளுங்களுக்கு ஏவல் வினை மட்டும் இலக்கணச் சுத்தமா வரும்."

நில்தாவை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. புத்தகக் கடைகளில் ஸ்பானிய மொழியில் எழுதினால் நாவல். குவாரனியில் எழுதினால், உள்ளே கொலையே நடந்தாலும், நாட்டுப்புறக் கதை அலமாரியிலோ பொம்மைப் புத்தக அலமாரியிலோதான் இடம். தெயொலிந்தா தன் புத்தகத்தைத் தன் கையாலேயே எத்தனையோ தடவை எடுத்து மாற்றி வைத்திருக்கிறாள். கடைக்காரர்கள் அவள் போனதும் திருப்பி வைத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமையே கடைகள் புத்தகம் கேட்டு அழைக்க ஆரம்பித்தன. கிறிஸ்பின் மறுபதிப்புக்குக் கொடுத்தான். அட்டை மேல் ஒட்ட வட்டமான மஞ்சள் தாளும் அடித்தான்: 'நில்தா ஒர்த்தெகா பரிந்துரை. 5 முதல் 8 வயது வரை.' தெயொலிந்தாவிடம் அதைச் சொல்லவில்லை. சதுக்கத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு, நில்தா நடத்தும் குழந்தைகள் கூடாரத்தில் கதை சொல்ல அழைப்பு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான். நேரில் போய் நில்தாவிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் அவள் கிளம்பினாள். மேசை மேல் மஞ்சள் தாள் ஒட்டி அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்ததும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என் ராணி!" என்று நில்தா ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் கையில் மஞ்சள் நிறப் பொய்முடி. "இதை மாட்டிக்கோ. குட்டிங்க பைத்தியமாயிடும்."

"இது பெரியவங்க நாவல்."

"நல்ல குழந்தைக் கதை எல்லாமே பெரியவங்களுக்கும்தானே, என் ராணி."

"ஒரு பிள்ளையைப் பெல்ட்டால அடிக்கிறாங்க இதுல."

நில்தா ஒரு நொடி தடுமாறினாள். "எந்தப் பக்கத்துல?"

"எந்தப் பக்கத்தைத் திறந்தாலும்."

நில்தா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சரி, நான் கொஞ்சம் நிதானமாப் படிச்சிருக்கலாம். வாரம் எவ்வளவு புக் வந்து குவியுது தெரியுமா? ஆனா யோசிச்சுப் பாரு. குவாரனியில சோக நாவல்னு சொல்லியிருந்தா எவ வாங்குவா? இப்போ வீட்டுக்கு வீடு உன் புக் இருக்கு. உனக்கு நான் நல்லதுதானே பண்ணியிருக்கேன்?"

"எங்கம்மாகிட்டயும் இதையேதான் சொன்னா. நல்லது பண்றேன்னு."

"யாரு?"

தெயொலிந்தா மேடைப் பக்கம் திரும்பினாள். கிறிஸ்பின் அவள் முழங்கையைத் தொட்டான். "ஞா தெயோ, பத்து நிமிஷம். அந்த முடியை மாட்டிட்டு ஒரு விசில் அடிச்சுட்டு இறங்கிடுங்க. அப்புறம் நிஜமான அட்டையோட இன்னொரு பதிப்பு போடுவோம். சத்தியமா."

"அவ்வளவு ஆசைன்னா நீ மாட்டிக்கோ."

பொய்முடியை நாற்காலி மேல் போட்டுவிட்டு மேடை ஏறினாள். கீழே பாயில் பிள்ளைகள், பின்னால் சிப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டு அம்மாக்களும் சில அப்பாக்களும். அவள் முதல் பக்கத்தைக் குவாரனியில் படித்தாள். கடைசி வரிசையில் நின்ற ஒரு மனிதர் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார். மற்றவர்கள் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், புரியாத பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல. பிறகு அதையே வரி வரியாக ஸ்பானிய மொழியில் சொன்னாள்.

"எல்லாரும் தூங்கினாங்க. நான் தூங்கலை. வெள்ளைக் கார் வந்தது. அம்மாவுக்கு ஒரு மூட்டை மாவு குடுத்தாங்க. என்னைப் படிக்க வைக்கிறதா சொன்னாங்க. காருக்குள்ள ரொம்ப ஜில்லுன்னு இருந்தது. அம்மா கை காட்டினாளா இல்லையான்னு கண்ணாடி வழியாத் தெரியலை."

முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: "விசில் அடிக்கவே இல்லையே?"

"இல்ல கண்ணு. மணி அடிச்சா. சாப்பாட்டு மேசை மேல ஒரு சின்ன மணி இருந்தது. அது கேட்டா நான் ஓடணும்."

கூடாரத்தில் மெல்லும் சத்தம் அடங்கியது. ஒரு பெண்மணி எழுந்தாள். "குழந்தைங்க முன்னாடி இதையெல்லாமா பேசுவாங்க?"

"ஒரு குழந்தைக்கு நடந்ததுதானே?"

"எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கா." யாரும் கேட்காமலே அந்தப் பெண்மணி சொன்னாள். முகம் சிவந்துவிட்டது. "சொந்த மகளாட்டம் வெச்சிருக்கோம். எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசாதீங்க."

"அவளுக்கும் தூங்கப் போற நேரத்துல கதை படிச்சுக் காட்டுவீங்களா?"

அந்தப் பெண்மணி தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர். ஒருத்தி வாங்கிய புத்தகத்தை மேசை மேல் எறிந்துவிட்டுப் போனாள். நில்தா ஒலிவாங்கியைப் பறித்து, பலூன்காரன் வந்துவிட்டான் என்று அறிவித்தாள். அவன் வந்திருக்கவில்லை.

தெயொலிந்தா மேசைக்குப் போய், அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மஞ்சள் தாளை நகத்தால் கிளப்பினாள். நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தான் பாவி. குள்ளனின் முகத்தோடு சேர்ந்து கிழிந்து வந்தது. அடுத்ததை எடுத்தாள்.

"வேணாம் ஞா தெயோ, அட்டை போகுது" என்று கிறிஸ்பின் கெஞ்சினான்.

"போகட்டும்."

மெல்லுவதை நிறுத்திய மனிதர் கிழிந்த அட்டையோடு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார். அன்று அதற்குமேல் விற்கவில்லை. கிறிஸ்பின் வண்டியில் ஏற்றும்போது பெட்டிகளைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நில்தா தொண்டையைச் செருமினாள். "நேயர்களே, ஒரு சின்னத் திருத்தம். நாங்க சொன்ன 'மஞ்சள் முடிக்காரன்' புக்கைப் பத்திப் பெற்றோர்கள் நிறையப் பேர் புகார் பண்ணியிருக்காங்க. அது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. தயவுசெய்து பிள்ளைகள் கைக்கு எட்டாம வையுங்க."

"அப்பாடா" என்றான் கிறிஸ்பின். "பெரியவங்க புக்குன்னு ஒருவழியா ஒத்துக்கிட்டா."

தெயொலிந்தா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "எங்கடா ஒத்துக்கிட்டா? புக்கு மேல பழியைப் போடுறா! குழந்தைக்கு ஏத்ததில்லையாம்! அந்த வாழ்க்கை குழந்தைக்கு ஏத்ததில்லைன்னுதானேடா நான் அவ்வளவு பக்கம் எழுதியிருக்கேன்!"

"எங்க போறீங்க? ஞா தெயோ!"

அவள் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள். வானொலி நிலையம் போகும் பஸ் வந்தது. ஏறினாள். ஓட்டுநரின் தலைக்கு மேல் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நில்தா இப்போது ஒரு பூனைக்குட்டிப் படப் புத்தகத்தைப் பற்றிக் குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடிய இன்னும் நேரம் இருந்தது.

"உக்காருங்கம்மா, இவ்வளவு இடம் காலியா கிடக்கே" என்றார் ஓட்டுநர்.

"வேணாம். நீங்க கொஞ்சம் வேகமா ஓட்டுங்க."