குடும்பத்துக்கு ஒரே ரிப்போர்ட்

பெரியண்ணனின் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பிய டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "இவருக்கு அடைப்பு வந்திருக்கிற வயசு ரொம்பச் சின்ன வயசு. கூடப் பிறந்தவங்க எல்லாரும் பிரஷர், சுகர், கொழுப்பு, இசிஜி பாத்துடுங்க. ஒருத்தர் விடாம." என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டு ஆண்களின் காதுக்குள் போகிற பேச்சு, அவர்களுக்கு வசதியான வேறு பேச்சாகத்தான் வெளியே வரும்.

அன்று சாயங்காலமே சின்னண்ணன் சபை கூட்டினான். விடிந்ததும் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறவன். திரும்பி வரும்போது தெருவில் அகப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, சமையல் எண்ணெய் பற்றிப் பாடம் எடுக்கிறவன்.

"எல்லாரும் எதுக்கு அலையணும்? நாலு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ரத்தம். ஒருத்தர் பாத்தா போதும். நான் போறேன்."

"அதே ரத்தம்தான் பெரியண்ணனுக்கும் ஓடுது. அவருக்குப் பாத்தாச்சு, அடைப்பும் இருக்கு. அப்போ நம்ம எல்லாருக்கும் அடைப்புன்னு முடிவு பண்ணிடலாமா?" என்றேன்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது. நீ சும்மா இரு."

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், நான் பக்கத்து சீட்டில் இன்னொரு பிரேக்கில் கால் வைத்திருப்பேன். வீட்டில்தான் எனக்கு பிரேக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மறுநாளே போய்ப் பார்த்துக்கொண்டேன். பிரஷர் தூக்கலாக இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் சொன்னால், "உன் வாய்க்கு ஏறாம என்ன செய்யும்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் கவலையெல்லாம் தம்பி மேல். வீடு காலி செய்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. பிரிட்ஜை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறுவான். கொஞ்ச நாளாகவே படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான், இடது தோளைத் தேய்த்துக்கொண்டான். கேட்டால், "பீரோ தூக்கினதுக்கா" என்பான். உடம்பில் ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது, அது ஒன்றே அவனுக்குப் பெரிய தைரியம்.

சின்னண்ணனின் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சுத்தம். அதை போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டான். அத்தை, சித்தப்பா, எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு போன மாமா வரைக்கும் கைதட்டினார்கள்.

தம்பி எனக்கு போன் செய்தான். "அக்கா, ரிப்போர்ட் வந்தாச்சு. நமக்கு ஒண்ணும் இல்ல."

நமக்காம். ஒருத்தன் பல் தேய்த்துவிட்டால் வீட்டில் யாருக்கும் வாய் நாறாது என்கிற கணக்கு. திட்டினேன், கெஞ்சினேன், சாமான் தூக்கும்போது அவன் இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை எடுத்து ஒளித்துவைத்தேன். வேறு பெல்ட் வாங்கிக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பெரியண்ணன் வீட்டில் இருந்தோம். சின்னண்ணன் தன் மச்சினனையும் கூட்டி வந்திருந்தான். சின்னண்ணியின் தம்பியான அவனுக்கு நான் வைத்த பெயர் விருந்தாளி. இரண்டு நாள் தங்க வந்தவன், வருஷக்கணக்கில் அக்கா வீட்டுச் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றும் ஒரு சோபாவைக் கண்டுபிடித்துச் சாய்ந்திருந்தான்.

பெரியண்ணனுக்கு ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊசியைக் கையில் எடுத்தவள் விருந்தாளியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? அன்னைக்கு ஊசியப் பாத்துட்டு மயங்கியே விழுந்துட்டீங்க." பிறகு பெரியண்ணன் பக்கம் திரும்பினாள். "உங்க தம்பிக்கு நான்தான் எடுத்தேன் சார். இசிஜி எல்லாம் ரொம்ப நல்லா இருந்துது. உங்களுக்கும் சீக்கிரம் சரியாயிடும்."

சின்னண்ணன் குனிந்து தன் வெள்ளை ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

விருந்தாளிதான் வாயைத் திறந்தான். "அத்தான்தான் அவர் பேர்ல என்னைப் போகச் சொன்னாரு. இந்தக் குடும்பத்துக்காக நான் ரத்தமே குடுத்திருக்கேன். யாரும் அதை நினைச்சுக்கூடப் பாக்கல."

"ஏன் இவனை அனுப்பின?" என்று சின்னண்ணனைக் கேட்டேன்.

"ஊசிக்குப் பயந்து இல்ல," என்று முனகினான். "ஏதாவது இருக்குன்னு வந்துட்டா? தெருவுல எல்லாரும் என்னைப் பாத்துத்தான் நடக்கிறாங்க."

மானம் போய்விடுமாம். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த அத்தனை ஏச்சும் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று முந்தானையைச் செருகினேன். அப்போதுதான் தம்பியைப் பார்த்தேன். இந்தக் கூத்துக்கு முதலில் சிரிக்க வேண்டியவன் அவன். சிரிக்கவில்லை. கையில் போன், அதில் அந்த ரிப்போர்ட்டின் போட்டோ.

"அக்கா, அப்போ இது நம்மளோடது இல்லையா?"

"உன்னோடது என்னைக்குமே இல்லடா."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "வலிக்கிறப்பல்லாம் இதை எடுத்துப் பாத்துக்குவேன்கா. ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்குன்னு. பாத்தா கொஞ்சம் குறையிற மாதிரி இருக்கும்."

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப வலிக்குதா?"

"காலையிலேர்ந்து."

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்காமல் தம்பியை அணைத்துக் கூட்டிப் போய் முன்சீட்டில், தினமும் நான் உட்காருகிற இடத்தில், உட்காரவைத்தேன். வண்டியைக் கிளப்பும்போது பின்கதவு திறந்தது. சின்னண்ணன் ஏறிக்கொண்டான். இறங்கு என்று கத்த எனக்கு நேரம் இல்லை.

தம்பிக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"அந்த பிரேக்குல மட்டும் காலை வெச்சிடாதடா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பின்னாலிருந்து சின்னண்ணன் அவன் தோளைத் தொட்டான். "பயப்படாதடா. ஒண்ணும் இருக்காது."

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே கேட்டான்.

"யாருக்குப் பாத்துட்டு சொல்ற?"

சின்னண்ணன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். நான் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி ஓட்டினேன்.