வில்லனின் மூக்குக் கண்ணாடி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சீரியல் வில்லனின் படம் மாட்டியிருக்கிறது. அவருக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நானும் தம்பியும். வருகிறவர்கள் எல்லோரும், "அட, இவரை எங்க பிடிச்சீங்க?" என்று வாயைப் பிளப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாராவது கோணலாகக் கண்ணாடி போட்டிருந்தால் போதும், அவருக்குக் கை துறுதுறுக்கும். கல்யாண வீடு, துக்க வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டார். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார். நாங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்போம்.

அன்று ஏரிப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அப்பா கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வெளியே வந்ததே அதிசயம். படகுக்கு வரிசையில் நின்றால், எங்களுக்கு முன்னால் அந்த வில்லன். டிவியில் அவரைக் கண்டாலே "நாசமாப் போறவன்" என்று வாழ்த்துகிற அம்மா, "சார், உங்க நடிப்புன்னா எனக்கு உயிர்" என்று குழைந்தாள். தம்பி என்னைக் கிள்ளினான்.

அப்பா மட்டும் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. சாயங்காலமானா தலை வலிக்குமே?"

"அப்பா, சும்மா இருங்களேன்!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஆமாங்க, வலிக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வில்லன்.

அதற்குள் கண்ணாடி அப்பாவின் கைக்குப் போய்விட்டது. திருகாணியை முடுக்கி, காதில் மாட்டும் முனையைக் கட்டைவிரலால் லேசாக வளைத்து, சட்டை நுனியில் துடைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல அவரே மாட்டியும் விட்டார். வில்லன் குனிந்தார், தலையை ஆட்டினார். கண்ணாடி நகரவில்லை. டிவியில் ஒருநாளும் பார்த்திராத ஒரு சிரிப்பு சிரித்தார்.

அம்மா போனை எடுத்ததும் அவரே கையை நீட்டினார். "போனை இங்க குடுங்கம்மா. நீங்க நாலு பேரும் ஏரியை ஒட்டி நில்லுங்க. முதல்ல உங்க குடும்பத்தை எடுத்துடறேன்."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வில்லனைப் படம் பிடிக்கிற இடத்தில் வில்லனிடமே போனைக் கொடுத்து எங்களைப் படம் பிடிக்கச் சொல்வார்களா?

"ஐயோ, நீங்க வந்து நில்லுங்க சார். அவர் எடுப்பார்" என்றாள் அம்மா.

"அவரும் நிக்கட்டுமே."

"எங்க வீட்ல எப்பவும் அப்பாதான் சார் எடுப்பார். அவருக்குத்தான் கை நடுங்காது" என்றேன் நான்.

அப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். அவர் எடுத்து முடிப்பதற்கும் படகுக்காரர் விசில் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று எல்லோருடைய போனையும் துழாவினோம். அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான், நான் கோணல் முகம் காட்டுகிறேன். எல்லாம் அப்பா எடுத்தவை. அப்பா இருந்தது அடையாள அட்டையில் மட்டும்தான். அதற்காக அவர் எப்போதும் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அதைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தபோது அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது யாரோ" என்று சொல்லி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எங்களைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டு, யாராவது முடியாதென்று சொல்லியிருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த மனிதர் தானாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள்தான் சிரித்து மறுத்தோம்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா கூடத்துக்கு வந்ததும், "ஐயோ, இது அந்த வில்லன்தானே?" என்றார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அம்மா படத்தைக் கழற்றி எடுத்து வந்து, முந்தானையால் துடைத்தாள். முழுப் படத்தையும் இல்லை, அவருடைய மூக்குக்கு மேலே மட்டும்.

"அவரை விடுங்க. கண்ணாடி எவ்வளவு நேரா உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றாள். "இவங்க அப்பா மாட்டிவிட்டது."