தவறு தெரிந்த வரி

அம்மா தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன் அறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பியது முதல் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"அண்ணி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவருக்கு நேரம் வந்துடுச்சு, போயிட்டாரு," என்று சமையலறை வாசலில் நின்று சித்தப்பா சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கைவசம் வைத்திருப்பார். அம்மா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். பரணில் கிடந்த டேபிள் ஃபேனை இறக்கச் சொல்லி அம்மா பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை பொறுமை போய், "ஒரு ஃபேனை இறக்க இன்னும் எத்தனை நாள் யோசிப்பீங்க?" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறினார். "இறக்கியாச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள். "இறக்கியாச்சு," என்றார். காபியோடு போய்ப் பார்த்தபோது ஃபேன் மடியில் இருக்க, சுவரில் சாய்ந்து கிடந்தார். மருத்துவமனையில் கொஞ்ச நேரம்தான் உயிர் தங்கியது. "ஏதாவது பளு தூக்கினாரா?" என்று டாக்டர் கேட்டார். "நான்தான் ஸ்டூல்ல ஏற வச்சேன்," என்றாள் அம்மா. டாக்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அம்மாவுக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது.

இப்படித் தப்பைத் தன் மேலேயே போட்டுக்கொள்வது மகளுக்கு வேலையில் பழகிய வியாதி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பிள்ளை எழுதியதில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், கம்ப்யூட்டர் 'சட்டவிரோதம்', 'உயிர்க்கொல்லிப் பிழை' என்றெல்லாம் பல்லைக் கடிக்கும். கொலைக்குற்றம் செய்துவிட்ட மாதிரி பிள்ளை கையை எடுத்துவிடும். அந்தச் செய்திகளைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி மாற்றி எழுதுவதுதான் அவள் பிழைப்பு. "கம்ப்யூட்டர் திட்டும். அது மரியாதையா திட்டணும்னு எம் பொண்ணு சொல்லிக் குடுக்கிறா. அதுக்கும் சம்பளம் தராங்கப்பா," என்று அப்பா தெரு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தார்.

ஆரம்பத்தில் அவளும் சித்தப்பா மாதிரிதான் எழுதினாள். 'பரவாயில்லை, கவலைப்படாதே, எல்லோருக்கும் நடப்பதுதான்.' ஓரத்தில் ஒரு சிரித்த முகம் வேறு. ஒரு சிறுமி அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லைன்னா புரோகிராம் நிக்காம ஓட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அதற்கப்புறம் மகள் ஆறுதலைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை முதலில் எழுதத் தொடங்கினாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. அடைப்புக்குறி விட்டுப்போனது மேலே எங்கோ இருக்கும், கம்ப்யூட்டர் தடுக்கி விழுவதோ கீழே வேறொரு வரியில். விழுந்த வரியைத்தான் அது காட்டும். பிள்ளையும் ஒரு பாவமும் அறியாத அந்த வரியைப் போட்டு அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும். அதற்கென்று அவள் எழுதிய செய்தி இது: 'நான் இந்த வரியில் நின்றுவிட்டேன். தவறு இதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். மேலே போய்ப் பார்.'

பின்கதவுப் படியில் உட்கார்ந்து மகள் டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் நீளமான வியாதிப் பெயர்களாக அடுக்க ஆரம்பித்தார்.

"டாக்டர், இதை எங்கம்மாவுக்குச் சொல்லணும். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இது எங்க ஆரம்பிச்சுது?"

"ஈசிஜில பழைய அட்டாக்கோட தடம் இருக்குங்க. முன்னாடியே ஒண்ணு வந்து போயிருக்கு, அவர் கவனிக்கல போல. அடைப்பு வருஷக்கணக்கா இருந்திருக்கணும்."

"ஸ்டூல்ல ஏறாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு நடக்காம இருந்திருக்கலாம். எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொன்னா அது பொய்ம்மா."

போனை வைத்துவிட்டு மகள் எழுந்திருக்காமல் இருந்தாள். அந்தக் கடைசிப் பேச்சை முழுங்கிவிடலாமா என்று தோன்றியது. முழுங்கினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். சொன்னால் தாங்குவாளா என்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டாக்டர்கிட்ட பேசுனேன்மா. அப்பாவுக்கு அடைப்பு பல வருஷமா இருந்திருக்கு. ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு."

"எப்ப?"

"போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு நாள் படுத்தாரே, அதுவா இருக்கும்னு எனக்குத் தோணுது."

"அது வாயுல்ல?"

"அப்பா அப்படித்தான் சொன்னாரு. நாமளும் நம்புனோம்."

அம்மாவின் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏற வைக்காம இருந்திருந்தா இருந்திருப்பாரா?"

"இன்னைக்கு இருந்திருக்கலாம். நாளைக்கு எப்படின்னு சொல்ல முடியாதுன்னாரு. ஸ்டூலால வந்த வியாதி இல்லம்மா இது. ஸ்டூல்ல ஏறும்போது தெரிஞ்சுது."

அம்மா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். எதையாவது ஒளிக்கிறாளா என்று தேடுகிற பார்வை. பிறகு குழாயை மூடினாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அப்பா பக்கத்துல வந்து உக்காரும்மா."

கையைக்கூடத் துடைக்காமல் அம்மா முன் அறைக்குப் போனாள். சித்தப்பா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் அதில் உட்காராமல் அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தோளில் கை வைத்து, காதருகே குனிந்து, கடையில் வாங்க மறந்துவிட்டு வந்த சாமானைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"வாயுன்னுதானே சொன்னீங்க?"

அம்மா பதிலுக்குக் காத்திருப்பவள் போல அப்படியே குனிந்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையின் தோளில் அவள் கையிலிருந்த ஈரம் மெல்லப் பரவியது.