சலூன்காரர் கடைசியாகச் சொன்னது

தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது, இனி இந்த வீட்டில் தெருவுக்குக் கேட்கும்படி பேச ஆளில்லை என்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயைத் திறந்தால் இவள் ஜன்னலைச் சாத்துவாள். இப்போது அவர் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். பழக்கத்தில் கை போய்ச் சாத்திவிட்டது.

"எதுக்கும்மா சாத்துற? புழுங்குது," என்றான் மகன்.

"இருக்கட்டும்."

அவன் திறக்கவில்லை. அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. தெருமுனையில் கவுன்சிலரின் ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் என்றால் உள்ளே வரவேண்டும், இல்லையென்றால் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். இரண்டும் செய்யாமல் இந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு. நேத்து கவுன்சிலர்கிட்ட அப்பா என்ன சொன்னார்?"

"எனக்குத் தெரியாதுடா."

"நீ அங்கதானே நின்னே?"

"நின்னேன். காதுல விழலை."

மகன் நம்பாத முகத்தோடு எழுந்து போனான். மாநகராட்சி பம்ப் ஹவுஸில் அவனுக்கு ஒப்பந்த வேலை. கவுன்சிலர் சொல்லிக் கிடைத்தது. கொடுத்த கைக்குப் பிடுங்கவும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சாவு சொல்லக் காலையில் போன் செய்தபோது சூப்பர்வைசர் வருத்தம் சொல்லிவிட்டு, "கவுன்சிலர் வந்துட்டுப் போகட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்றாராம். மத்தது என்றால் என்ன என்று கேட்கும் தைரியம் மகனுக்கு வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் சலூன் வைத்திருந்தவர் அவர். முடிவெட்டுவதில் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. காதோரம் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும்தான் இருக்கும். ஆனால் எந்த வார்டில் யார் ஜெயிப்பார்கள் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லிவிடுவார், சொன்னது பிசகியதே இல்லை. தோற்றவர்கள் அவருக்குக் கருநாக்கு என்றார்கள். யாருக்கு ஓட்டு என்று அவர் எவரையும் கேட்டதில்லை. "உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதா? சாக்கடை அள்ளினாங்களா?" என்று கேட்பார். பிறகு பேச்சோடு பேச்சாகக் கவுன்சிலரைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்ப்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போதும் வாய் பொய் சொல்லும், மூஞ்சி சொல்லாது என்பது அவர் கட்சி. தேர்தல் வந்துவிட்டால், அன்று காலையில்தான் மழுங்க வழித்துக்கொண்ட பெரிய மனிதர்கள்கூட ஷேவிங் என்று வந்து உட்காருவார்கள்.

கேட்டவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். வினையே அங்கேதான். ஒருமுறை தோற்றுப்போனவரின் ஆட்கள் கடைக்குள் புகுந்து கண்ணாடியை நொறுக்கினார்கள். இவர் சொன்னதால்தான் அவர் தோற்றாராம். "கண்ணாடிதானே உடைஞ்சது, மூஞ்சியெல்லாம் அப்படியேதானே இருக்கு," என்று சிரித்துக்கொண்டே சில்லுகளைப் பெருக்கினார் அவர். அவளுக்கு அன்று பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை. அவருக்குச் சேரவேண்டிய பயத்தையும் சேர்த்து இவளே பட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்குப் பேருக்குக்கூடப் பயம் இல்லையே என்று கோபம்கூட உண்டு.

நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகாவது வாய் அடங்கும் என்று நினைத்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தாநாள் அவள் தலையணையைச் சரிசெய்தபோது, "இந்தத் தடவை தம்பி தேறாது. பள்ளிக்கூடத் தெரு மொத்தமா கை நழுவிடுச்சு, மேட்டுத் தெருவுல பாதி. மாவுமில்காரர்தான் வருவார்," என்றார். தம்பி என்றால் இப்போதைய கவுன்சிலர். மாவுமில்காரர் எதிர்த்து நிற்பவர். அவள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"வெளியில மூச்சு விடாதீங்க. பையனை நினைச்சுப் பாருங்க."

"மூச்சு விடறதே கஷ்டமாத்தான் இருக்கு," என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நேற்று மத்தியானம் ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலர், கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அண்ணனைப் பார்க்கவேண்டும் என்று தனியாக உள்ளே வந்தார். மூச்சுத் திணறும் புருஷனுக்குக் காற்று வேண்டுமே என்று அவள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். தெருவே அதன் வழியாகப் பார்த்தது. அவள் டம்ளரில் தண்ணீரோடு அறை வாசலுக்கு வந்தபோது கவுன்சிலர் குனிந்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். சலூன்காரர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். கவுன்சிலரின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சட்டையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வெளியே வந்தவர், யாரையும் பார்த்துக் கும்பிடவில்லை. மிச்சத் தெருவுக்குப் போகாமல் காரில் ஏறிக்கொண்டார்.

முகத்தைப் பார்த்து முடிவு சொல்லும் வித்தை ஊருக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. சாயங்காலத்துக்குள் பஸ் நிலையம் வரை பேச்சு போய்விட்டது: சலூன்காரர் சொல்லிட்டார், கவுன்சிலர் அவுட்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அவர் மூஞ்சி அப்படிப் போச்சு? உங்களுக்குப் பயமே கிடையாதா? நாங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல இருக்கவேண்டாமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டும் திட்டினாள், கட்டிலருகே பாய் விரித்துக்கொண்டும் திட்டினாள். விடிந்து அவள் டீ போட்டு எடுத்துவந்தபோது அவர் அப்படியே சுவரைப் பார்த்தபடி இருந்தார். தொட்டாள். சில்லென்றிருந்தது.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மாவுமில்காரர் பெரிய மாலையோடு வந்திருந்தார். பின்னால் கட்சித் துண்டோடு ஒரு கும்பல். மாலையைப் போட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"கடைசி நேரத்துலயும் மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொன்ன மனுசன். இந்த ஊர்ல யாருக்கு வரும் அந்த தைரியம்? தங்கச்சி, நீ கவலைப்படாதே. உன் பையனை எவன் தொடுறான்னு நான் பார்க்கிறேன்."

யாரும் தொடப்போகிறார்கள் என்று அதுவரை எவரும் சொல்லவில்லை. பெண்களில் ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்கும்போது டம்ளர் பல்லில் இடித்தது.

அப்போது கவுன்சிலரின் கார் வந்து நின்றது. கூடம் பேச்சை நிறுத்தியது. மாவுமில்காரரின் ஆட்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். கவுன்சிலர் மாலை போட்டார், கால்மாட்டில் கொஞ்சநேரம் நின்றார், பிறகு அவளிடம் வந்தார்.

"அக்கா, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை."

மகன் கூடவே எழுந்தான். அவள் அவனைக் கையமர்த்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். காலையில் அவருக்குப் போட்ட டீயை யாரோ திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அது ஆடை கட்டிப்போய் இருந்தது. கவுன்சிலர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, அவர் என்ன சொல்லியிருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க. நோயில கிடந்தவர். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். என் பையன் ஒரு பாவமும் அறியாதவன்."

கவுன்சிலர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்த்தால் ராத்திரி தூங்காத முகமாக இருந்தது.

"நான் கேட்டது எலெக்‌ஷனைப் பத்தித்தான்க்கா. பொய் சொல்ல விரும்பலை. அந்த நிலைமையில இருக்கிறவர்கிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க. 'அண்ணே, என் பாடு எப்படி?'ன்னேன். அவர் அதைக் காதுலயே வாங்கலை. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, 'தம்பி, எனக்குப் பயமா இருக்கு'ன்னார்."

"யாருக்கு?" என்றாள் அவள்.

"அவருக்குத்தான். 'ரொம்பப் பயமா இருக்குப்பா. கொஞ்ச நேரம் கூட இரு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ சும்மாவே பயந்து சாகிறவ. நானும் பயப்படுறேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா'ன்னார்." அவர் தரையைப் பார்த்தார். "என் அப்பாவும் அப்படித்தான் போனார். எனக்கு அது ஞாபகம் வந்துடுச்சு. இருந்திருக்கலாம். போன் வந்துச்சு, கிளம்பிட்டேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த முதுகு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த முதுகைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பயமே கிடையாதா என்று விடாமல் திட்டியிருக்கிறாள். கையெட்டும் தூரத்தில் பாயில் படுத்திருந்தாள். இவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போயிருக்கிறார்.

"அக்கா, இப்ப என் நிலைமையைப் பாருங்க," என்றார் கவுன்சிலர். "ஞாயித்துக்கிழமை ஓட்டு. ஊரு என் மூஞ்சியப் பார்த்துட்டு நான் தோத்தாச்சுன்னு முடிவு கட்டிடுச்சு. என் ஆளுங்களே வேலை செய்யமாட்டேங்கிறாங்க. ஜெயிச்சிடுவேன்னு சொன்னார்னு நீங்க வாசல்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

"நான் சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நானே நடந்ததைச் சொல்லியாகணும்க்கா. அவர் தேர்தலைப் பேசலை, சாவுக்குப் பயந்து அழுதார், அதான் என் மூஞ்சி அப்படி ஆச்சுன்னு. வேற என்ன வழி இருக்கு எனக்கு?"

மிரட்டுகிற குரலாக இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் கட்டாயம் செய்வார் என்று அவளுக்குத் தோன்றியது. இன்று மத்தியானமே பஸ் நிலையத்தில் பேச்சு மாறிவிடும். எந்தெந்த வாய்கள் அதைப் பேசும் என்றுகூட அவளால் சொல்லமுடியும். எவனாவது ஒருத்தன் சலூன்காரர் மாதிரியே குரலை இழுத்து, பயமா இருக்கு தம்பி என்று சொல்லிக் காட்டுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அதை நினைத்ததும் இத்தனை வருஷம் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. கண்ணாடியை உடைத்தபோதுகூட இப்படி நடுங்கவில்லை.

மறுபுறம், தம்பி தேறாது என்று அவர் தெருவாரியாகக் கணக்குப் போட்டு அவளிடம் சொன்னதும் நினைவிருந்தது. அது பலிக்கும். அவர் சொல்லி எது பலிக்காமல் போயிருக்கிறது? இவள் இன்று வாசலில் பொய்யைச் சொன்னால், ஓட்டு எண்ணும் நாளில் சலூன்காரர் கடைசியில் கோட்டைவிட்டுவிட்டார் என்றுதான் ஊர் பேசும். அந்த ஒரு பெருமையை மட்டும்தான் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

"பையன் வேலை பத்தி யோசிக்காதீங்க. அது என் பொறுப்பு," என்றார் கவுன்சிலர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடம் அவளுக்காகவே காத்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் தெருவிலிருந்தவர்களும் வாசல்படி வரை நெருக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாவுமில்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"தங்கச்சி, யாருக்கும் பயப்படாம சொல்லு. நேத்து அவர் என்ன சொன்னார்?"

மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சுடுவே தம்பின்னார். வாசல்ல நின்னு என் காதால கேட்டேன்."

"அப்ப இவர் மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?" என்றான் துண்டு போட்ட ஒருத்தன்.

"கஷ்டப்பட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். பார்க்கிறவங்களுக்குத் தாங்குமா?"

குரல் நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தன் முகமே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஒரு கணம் திகிலாக இருந்தது. முகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் கண்ணை மூடிக் கிடந்தார்.

"சலூன்காரர் சொன்னா சொன்னதுதான். பிசகாது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாவுமில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் போட்ட மாலை அங்கேயே இருந்தது. கவுன்சிலர் அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துவிட்டு, போனை எடுத்தபடி வாசலுக்கு நடந்தார். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மகன் பெருமூச்சு விட்டான். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?" என்றான்.

"ஆமாம்டா," என்றாள்.

பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அவள் அங்கே உட்காராமல் அவருடைய தலைமாட்டுக்குப் போய், முழங்கால் அவர் தோளில் படும்படி நெருங்கி உட்கார்ந்தாள். ஒருத்தி நாற்காலி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். அமரர் ஊர்தி எத்தனை மணிக்கு வரும் என்று யாரோ கேட்டார்கள், யாரோ பதில் சொன்னார்கள்.

கொஞ்சநேரத்தில் வாசலில் எதுவோ உறுமிக்கொண்டு பின்பக்கமாக வந்து படியில் இடித்து நின்றது. அவள் சட்டென்று அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிதான்," என்றாள் மெதுவாக. "நான் இங்கதான் இருக்கேன்."